தன்பாலினத் தம்பதிகளுக்கு அமெரிக்க கிரீன் கார்டு: திருமணப் பதிவு முதல் ஐ-751 வரை

ஒருவரிடம் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிறது. இன்னொருவர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர், அல்லது இன்னும் அங்கேயே இருப்பவர். இருவரும் பெண்கள், அல்லது இருவரும் ஆண்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக. நானும் என் மனைவியும் இந்த வழியில்தான் போய் வந்தோம். பிறகு தெரிந்தவர்கள் சிலருக்குக் கோப்பு அடுக்கிக் கொடுத்தேன். எல்லாரும் ஏறக்குறைய அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

2013 ஜூன் 26-ல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு படிவம், கட்டணம், விதி எல்லாம் ஆண்-பெண் தம்பதிக்கும் நமக்கும் ஒன்றுதான். வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது. கல்யாண ஆல்பம், இரு வீட்டாரும் நிற்கும் படம், ‘மனைவி’ என்று பதிவான இன்சூரன்ஸ் எல்லாம் மற்றவர்களிடம் தானாகச் சேர்ந்திருக்கும். நாமோ அப்படி ஒரு காகிதமும் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று பல வருடம் கவனமாக இருந்திருப்போம். அதனால் படிவத்தைத் திறக்கும் முன்பே நமக்கு வேலை அதிகம். நான் வக்கீல் இல்லை. வக்கீலைப் பார்த்தே ஆகவேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. எந்தப் பாதை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று கேள்விகள். மனு போடுபவர் குடிமகனா, கிரீன் கார்டுக்காரரா? மற்றவர் இப்போது அமெரிக்காவுக்குள்ளா, வெளியிலா? உள்ளே இருந்தால், விமான நிலையத்திலோ எல்லையிலோ அதிகாரி பார்த்து அனுமதித்து வந்தவரா?

குடிமகனின் இணையர் முறைப்படி உள்ளே வந்தவர் என்றால் உறவைக் காட்டும் ஐ-130 மனுவையும், கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தையும் ஒரே கட்டாக அனுப்பலாம். வெளியே இருந்தால் ஐ-130 மட்டும் போகும். அது ஒப்புதலான பின் தேசிய விசா மையம், கடைசியில் தூதரக நேர்காணல். இன்னும் திருமணமே ஆகவில்லை, வெளியே இருக்கிறார் என்றால் கே-1 வருங்கால இணையர் விசா. அதற்கு மனு போடக் குடிமக்களால் மட்டுமே முடியும்.

கிரீன் கார்டுக்காரரின் இணையர் எஃப்2ஏ பிரிவில் வருவார். அதற்கு ஆண்டு ஒதுக்கீடு உண்டு. மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினில் தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அதுவரை எஃப்-1 மாணவர் விசா, எச்-1பி வேலை விசா என்று ஏதாவது ஒரு நிலையில் தொடர்ந்து இருந்தாக வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ‘சுற்றுலா விசாவில் வா, கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம்’ என்று திட்டம் போடுவது. தங்கும் எண்ணத்தோடு வந்துவிட்டு அதிகாரியிடம் ‘சுற்றிப் பார்க்க வந்தேன்’ என்று சொன்னால் அது பொய்த் தகவல். நம் ஊரில் பதிவு செய்ய முடியாது என்பதால் நம்மவர்களுக்கு இந்த ஆசை அதிகம் வருகிறது. செய்யாதீர்கள்.

விசா காலம் கடந்து தங்கியவர், சோதனையில்லாமல் எல்லை தாண்டியவர், ஏதாவது வழக்கில் கைதானவர் ஆகியோர் எதையும் அனுப்புமுன் வக்கீலைப் பார்க்க வேண்டும். காலம் கடந்து தங்கியதைக் குடிமகனின் இணையருக்குச் சட்டம் பெரும்பாலும் தடையாகக் கொள்வதில்லை. ஆனால் அந்த நிலையில் நாட்டை விட்டு வெளியே போனால் கதை வேறு: 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியிருந்தால் 3 வருடமும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் 10 வருடமும் திரும்ப வரத் தடை.

2. திருமணம் எந்த மண்ணில் நடக்கிறது என்பதே செல்லுபடியை முடிவு செய்யும்

திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்பதுதான் அமெரிக்கக் குடிவரவுத் துறை பார்க்கும் கணக்கு. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. இலங்கையிலும் அப்படிப் பதிவு செய்ய வழியில்லை. கோயிலில் மாலை மாற்றியது, நண்பர்கள் முன் மோதிரம் போட்டது, முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதியது இவையெல்லாம் உறவுக்குச் சான்றாக உதவும். திருமணச் சான்றிதழின் இடத்தில் அவற்றை வைக்க முடியாது. வேறு நாடுகளில் செய்த சிவில் யூனியன், பதிவுசெய்த துணைவர் போன்றவையும் திருமணமாகக் கணக்கில் வராது.

அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் பதிவு செய்யலாம். ஒருவருக்கு அமெரிக்க விசா இல்லையென்றால் இருவரும் போகக்கூடிய மூன்றாவது நாடு வேண்டும். தைவானில் 2019 மே முதலும் தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதலும் சட்டம் இடம் கொடுக்கிறது. டிக்கெட் போடும் முன் அந்த ஊர்ப் பதிவு அலுவலகம் என்னென்ன கேட்கிறது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘திருமணத்துக்குத் தடையில்லை’ என்று சொந்த நாட்டுத் தூதரகத்திடம் சான்று கேட்டால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள யூட்டா கவுண்டியில் வீடியோ வழியாகத் திருமணம் பதிவாகிறது. அதில் ஒரு கண்ணி உண்டு. சடங்கின்போது இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இல்லையென்றால், அதற்குப் பின் நேரில் சந்தித்து தாம்பத்திய உறவு கொண்டால்தான் குடிவரவுச் சட்டத்தில் அது திருமணம். முன்பு சேர்ந்து வாழ்ந்தது கணக்கில் வராது. சந்தித்த பிறகே மனு போடுங்கள். கடவுச்சீட்டு முத்திரை, போர்டிங் பாஸ், இருவர் பெயரிலும் விடுதி ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கே-1 எடுப்பவர்கள் மனு போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும்; அமெரிக்கா வந்து 90 நாளுக்குள் மணம் முடிக்க வேண்டும். ஊரில் தாலி, மாலையோடு சடங்கு செய்திருந்தால் ‘ஏற்கெனவே மணமானவர்களோ’ என்று தூதரகம் சந்தேகப்படும். அந்தச் சடங்குக்கு இந்தியாவில் சட்ட மதிப்பு இல்லை என்று ஒரு பத்தி எழுதிச் சேருங்கள்.

3. பழைய காகிதங்களைத் தோண்டி எடுங்கள்

இதைப் படிவம் நிரப்பும் முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நீங்கள் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியும் அதிகாரியின் திரையில் இருக்கும். உங்களிடம்தான் நகல் இருக்காது.

முதலில் பழைய கல்யாணம். வீட்டு நெருக்கடியில் ஆணுக்கும் பெண்ணுக்குமாக ஒரு கல்யாணம் நடந்து முடிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்கு நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய விடுதலைப் பத்திரம், நோட்டரி கையெழுத்திட்ட பிரிவு ஒப்பந்தம் எதுவும் போதாது. தீர்ப்பு தேதிக்குப் பிறகுதான் புதுத் திருமணம் நடந்திருக்க வேண்டும். தேதி முன்பின்னாக இருந்தால் புதுத் திருமணமே செல்லாது.

அந்தக் கல்யாணத்தின் வழியாக எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் இணையருக்கான விசா) அமெரிக்கா வந்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘முந்தைய திருமணம் விசாவுக்காகவா?’ என்ற கேள்வி வரும். குடிவரவுக்காகப் போலித் திருமணம் செய்தார் என்று ஒருமுறை முடிவானால் பின்னால் வரும் உண்மையான திருமணத்தின் மனுவும் நிரந்தரமாக அடைபடும். வீட்டார் பார்த்துச் செய்த கல்யாணம், இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தோம், இன்ன காரணத்தால் பிரிந்தோம் என்று இருந்ததை இருந்தபடி எழுதி வக்கீலிடம் காட்டுங்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர் வீட்டாருக்குப் பயந்து கல்யாணம் செய்துகொண்டார் என்பது மோசடி ஆகாது. அதை விளக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

அடுத்து பழைய விசா விண்ணப்பங்கள். அமெரிக்காவில் பதிவுத் திருமணம் முடித்த பிறகும், ஊருக்குப் போய் விசா புதுப்பிக்கும்போது ‘மணமாகாதவர்’ என்று டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் குறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்ப மையத்தில் யாராவது பார்த்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காகிதத்தில் அது பொய்த் தகவல். இப்படி ஒன்று இருந்தால் நேர்காணலில் அவர்கள் எடுக்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர். நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கலாம், இனிஷியல் விரிந்து அப்பா பெயர் அங்கே போயிருக்கலாம், அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கலாம். திருமணச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை வையுங்கள். மாறியிருந்தால் எல்லா வடிவங்களையும் ‘பயன்படுத்திய வேறு பெயர்கள்’ கட்டத்தில் எழுதுங்கள். திருநங்கை, திருநம்பி இணையர்கள் அரசிதழ் அறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் தந்த சான்று, பழைய அடையாள ஆவணம் என்று சங்கிலி அறாமல் அடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் அமெரிக்க விதிகள் 2025-ல் மாறியிருப்பதால் வக்கீல் இல்லாமல் போக வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பழைய பிறப்புகளுக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் ‘பதிவு இல்லை’ என்ற சான்றும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் போன்ற துணைச் சான்றும் வாங்குங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பதற்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ‘எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது’ என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும். நீங்களே மொழிபெயர்க்காமல் ஒரு நண்பரிடம் கொடுங்கள்.

4. உறவின் சான்றுகள்: குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

எங்கள் முதல் வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயர் குத்தகைதாரர். என் பெயர் கீழே ‘உடன் தங்குபவர்’ என்று சின்ன எழுத்தில். என் அலுவலகத்தில் அவசரத் தொடர்பாக அவளைக் கொடுத்திருந்தேன், உறவு என்ற கட்டத்தில் ‘கசின்’. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்த இரவில், நான்கு வருட வாழ்க்கையில் எங்களை மனைவியும் மனைவியுமாகச் சொல்லும் காகிதம் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றைக்கு இருவரும் அழுதோம். மறுநாள் பட்டியல் போட்டோம்.

மாற்ற வேண்டிய வரிசை இது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து இருவரையும் குத்தகைதாரராக்குங்கள். கூட்டு வங்கிக் கணக்கைத் திறந்து சம்பளம், வாடகை, மளிகை எல்லாம் அதில் ஓடச் செய்யுங்கள். நூறு டாலர் போட்டுத் தூங்கவிட்ட கணக்கைப் பார்த்தவுடன் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். ஓய்வூதியக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் இணையரை நாமினியாக மாற்றுங்கள். மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். வருமான வரியைத் தம்பதியாகத் தாக்கல் செய்யுங்கள். திருமணமாகியும் ‘தனியர்’ என்று வரி கட்டியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். அது வரிச் சட்டப்படியே தவறு.

புகைப்படம் இருபது, முப்பது போதும். வருடங்கள் பரவியிருக்கட்டும்; இருவரும் மட்டும் இருக்கும் செல்ஃபிகளைவிட நண்பர்களோடு இருப்பவை மேல். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார். வாட்ஸ்அப் உரையாடலில் மாதத்துக்கு ஒரு பக்கம் எடுத்தால் போதும். முன்னூறு பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். நடுவில் இருக்கும் நல்ல சான்றும் புதைந்துவிடும்.

வீட்டாருக்குத் தெரியாது என்றால் அது உங்கள் மனுவைக் கெடுத்துவிடாது. படிவங்களில் பெற்றோர் பெயர் கேட்கப்படும்; அவர்கள் சம்மதமோ கையெழுத்தோ யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதுங்கள்: யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, சொன்னால் என்ன ஆகும், அதனால் எந்தெந்த ஆவணங்களில் எங்களை ‘தோழி’, ‘கசின்’ என்று எழுதினோம். அதிகாரி தானாகக் கண்டுபிடித்தால் சந்தேகமாகிவிடும். நீங்கள் முதலிலேயே சொன்னால் அது வெறும் தகவல். கூடவே உங்களை ஜோடியாக அறிந்த மூன்று நான்கு நண்பர்களின் உறுதிமொழிக் கடிதம். ‘நல்ல தம்பதி’ என்று எழுதினால் பயனில்லை. ‘எனக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது இருவரும் பத்து நாள் மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்தார்கள்’ என்பதுபோல் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள்.

5. ஐ-864 நிதி உத்தரவாதப் படிவம்: கையெழுத்துக்கு முன் படியுங்கள்

மனு போடுபவரின் வருமானம், குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்கில், பெரும்பாலான மாநிலங்களில், இரண்டு பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 26,400 டாலர். போதவில்லை என்றால் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ யாராவது கூட்டு உத்தரவாதம் தரலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை.

விவாகரத்தானாலும் இந்தப் பொறுப்பு தீராது. இணையர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு (ஏறக்குறைய பத்து வருட) வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நாட்டை விட்டே போகும்வரை தொடரும். கூட்டு உத்தரவாதம் கேட்கும் நண்பரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

6. கட்டை அடுக்கும் வரிசை

உள்ளே இருப்பவர்களுக்கு: கட்டணம், ஐ-130, அதற்கான சான்றுகள், இணையரின் விவரங்களுக்கு ஐ-130ஏ, ஐ-485, ஐ-864, ஐ-693 மருத்துவ அறிக்கை, வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. 2024 டிசம்பரிலிருந்து மருத்துவ அறிக்கையைப் பிறகு தரலாம் என்று விட முடியாது. ஐ-485-உடன் சேர்ந்தே போக வேண்டும். எச்ஐவி தொற்று 2010 ஜனவரி முதல் தடைக் காரணம் கிடையாது. இதைத் தெரியாமல் பரிசோதனைக்குப் பயந்தே மனுவைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

2024 ஏப்ரல் கட்டணப்படி ஐ-130 காகிதத்தில் 675, இணையத்தில் 625 டாலர், ஐ-485-க்கு 1,440. அனுப்பும் நாளில் அரசுத் தளத்தில் மறுபடி பாருங்கள். தொகை தவறினால் கட்டு அப்படியே திரும்பி வரும். 2025 அக்டோபர் கடைசியிலிருந்து காசோலை வாங்குவதில்லை. ஜி-1450 படிவம் வழியே கார்டு, அல்லது ஜி-1650 படிவம் வழியே வங்கிக் கணக்கு.

ஐ-130-ல் பயனாளியின் பெயரும் வெளிநாட்டு முகவரியும் அவர் தாய்மொழி எழுத்திலேயே கேட்கும் ஒரு கட்டம் உண்டு. ஆங்கிலத்திலேயே நிரப்பிவிட்டுப் போகிறார்கள். என் மனைவி நியூ ஜெர்சியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவதுபோல் எழுதிக்கொடுக்க, எங்கள் திருநெல்வேலித் தெருவின் பெயரை அவள் கையால் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. தட்டச்சும் செய்திருக்கலாம். அவள் கேட்கவில்லை.

7. காத்திருக்கும் மாதங்கள்

ஐ-131-ல் கேட்ட பயண அனுமதி கைக்கு வரும் முன் நாட்டை விட்டு வெளியே போனால் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் யாருக்கும் கால் நிற்காது. அதனால்தான் ஐ-131-ஐ முதல் நாளே போடச் சொல்கிறேன். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றப் படிவம் வழியே தெரிவிக்க வேண்டும்.

8. நேர்காணல்

எங்கள் அதிகாரி பொங்கல் படம் ஒன்றை எடுத்து, நடுவில் இருந்த பெண்மணியைக் காட்டி யார் என்று கேட்டார். என் அம்மா என்றேன். உங்கள் திருமணம் இவருக்குத் தெரியுமா என்றார். தொண்டை வறண்டது. “தெரியாது. ஒரே வீட்டில் இருக்கும் தோழிகள் என்று நினைக்கிறார். சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.” அவர் கடிதத்தைப் புரட்டி அதே வரியைப் பார்த்தார், தலையசைத்தார், அடுத்த கேள்விக்குப் போனார். அந்தக் கடிதம் இல்லையென்றால் அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்திருக்குமா என்று தெரியவில்லை.

தயாராவது என்றால் மனப்பாடம் செய்வது கிடையாது. இருவரும் உட்கார்ந்து உங்கள் மறைப்புகளைக் கணக்கெடுங்கள். அம்மா வந்திருந்த மூன்று மாதம் யார் எந்த அறையில் படுத்தோம்? பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டால், ஒருவர் உண்மையையும் மற்றவர் ஊருக்குச் சொன்ன கதையையும் சொன்னால் முரண்பாடாகிவிடும். ஞாபகம் இல்லாததை ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லலாம், ஊகிக்க வேண்டாம். அசல் ஆவணங்களும் மனு போட்ட பின் சேர்ந்த புதுச் சான்றுகளும் கையில் இருக்கட்டும்.

9. ஊரிலிருந்து வருபவர்களுக்கு

இந்தியர்களுக்கான குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில், இலங்கையருக்குக் கொழும்பில். மனுவில் அஞ்சல் முகவரியாக அமெரிக்க இணையரின் வீட்டையும், உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் திறக்கும் மின்னஞ்சல் வேண்டாம். கடவுச்சீட்டைக் கூரியரில் வரவழைக்காமல் மையத்தில் நேரில் வாங்குங்கள்.

எதிர்பாராத இடத்தில் விஷயம் வெளியாவது போலீஸ் சான்றிதழில்தான். பாஸ்போர்ட் சேவா மையத்தில் விண்ணப்பித்ததும் சில நேரம் காவலர் வீட்டுக்கு வருவார். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. “என்னம்மா, பையன் அமெரிக்காவிலேயே தங்கப் போறானாமே?” என்று காவலர் வாசலில் கேட்டபோதுதான் அம்மாவுக்கே தெரியும். வீட்டார் என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று விண்ணப்பிக்கும் முன்பே யோசித்துவிடுங்கள். ‘குடியேற்ற விசாவுக்கு’ என்பது உண்மை. அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். காவலரிடம் திருமண ஆவணம் காட்ட வேண்டிய வேலை இல்லை.

10. இரண்டு வருட அட்டையும் ஐ-751-ம்

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி 2 வருடம் ஆகியிருக்கவில்லை என்றால் அட்டை நிபந்தனையோடு 2 வருடத்துக்குத்தான் வரும். அது காலாவதியாகும் முன் உள்ள 90 நாளுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும். தேதியைத் தவறவிட்டால் நிலையே பறிபோகலாம். கைபேசியில் இன்றைக்கே நினைவூட்டல் வையுங்கள். சான்று சேர்ப்பதை அட்டை வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மாதம் ஒருநாள் வங்கி அறிக்கை, வாடகை ரசீது, இரண்டு படம் என்று ஒரு கோப்பில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

பிரிய நேர்ந்தால் விவாகரத்துக்குப் பின் தனியாகவே ஐ-751 போட வழி இருக்கிறது. ‘உன் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்’, ‘மனுவைத் திரும்பப் பெறுவேன்’ என்று மிரட்டி, அடித்து வைத்திருக்கும் இணையரிடம் கிரீன் கார்டுக்காகப் பொறுத்திருக்க வேண்டாம். வன்முறைக்கு ஆளான இணையர்களைக் காக்கும் சட்டப்படி, ஐ-360 வழியாக அவருக்குத் தெரியாமலே நீங்கள் சொந்தமாக மனு போடலாம். தன்பாலின இணையர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். நியூயார்க்கில் இயங்கும் இமிக்ரேஷன் ஈக்வாலிட்டி நம்மைப் போன்றவர்களுக்கான சட்ட உதவி அமைப்பு. அங்கிருந்து தொடங்குங்கள்.